மெனோரா இறக்கத்துக்குப் பிறகு: கனமான டிரெய்லருக்கு ஒரு டீசல் பிக்கப் தேடிய அனுபவம்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டங்களிலும் சிறு நிலங்களிலும் வடிகால் வெட்டித் தருவது என் தொழில். என் தந்தையார் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். அவர் வேலை செய்த தோட்டம் செம்பனைக்கு மாறியபோது எங்கள் குடும்பத்தின் பிழைப்பும் அதனோடு சேர்ந்து மாறியது. தாழ்வான நிலத்தில் வேரடியில் தண்ணீர் நின்றால் செம்பனை சரியாகக் குலை தள்ளாது என்பதால், வடிகால் வேலை ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. 1.7 டன் வகையைச் சேர்ந்த ஒரு சின்ன எக்ஸ்கவேட்டரை டிரெய்லரில் ஏற்றி, பிக்கப்பின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு லிந்தாங், ஜாலோங், பாடாங் ரெங்காஸ் என்று போய்வருகிறேன். லோரியில் ஏற்றினால் ஆகாதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். லோரி நுழைய முடியாத பாலங்கள் தோட்டத்துக்குள் நிறைய உள்ளன. டிரெய்லரை வேலை நடக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு அதே பிக்கப்பில் ஆட்களையும் டீசலையும் ஏற்றி வரலாம். ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் குடும்பத்தோடு கோயிலுக்கும் போகலாம். எனக்குப் பிக்கப்பும் டிரெய்லரும் பொருந்திவந்ததற்கு இவைதாம் காரணம்.

இப்போது ஓட்டும் பிக்கப்பை வாங்குவதற்கு முன் என்னிடம் பத்து வயதான 2.5 லிட்டர் டீசல் வண்டி ஒன்று இருந்தது. கை கியர், நல்ல இஞ்சின். அதை எனக்கு விற்றவர், "ரெண்டு டன்தானே, தாராளமா இழுக்கும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த வண்டி மூன்று ஆண்டுகள் முணுமுணுக்காமல் இழுத்தது. இழுக்கிறதா என்பதை மட்டுமே நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழைக்காலத்தில் ஒரு மாலை, பாடாங் ரெங்காஸ் வேலையை முடித்துவிட்டு, எண்ணெய் கசிந்துகொண்டிருந்த எக்ஸ்கவேட்டரை ஈப்போவில் ஹைட்ராலிக் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டியிருந்ததால், கோலகங்சாரில் நெடுஞ்சாலை ஏறினேன். வடக்கிலிருந்து வருபவர்களுக்கு மெனோரா சுரங்கம் வரை ஏற்றம், சுரங்கத்தைக் கடந்ததும் ஜெலாபாங் நோக்கி நீண்ட இறக்கம். அந்த இறக்கத்தின் அடியில் முன்பு ஒரு சுங்கச்சாவடி இருந்தது. பிரேக் பிடிக்காமல் வந்த கனரக வண்டிகள் அதில் மோதிய விபத்துகளைப் பேராக் மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் சாவடி அகற்றப்பட்டுவிட்டது, இறக்கம் அப்படியேதான் இருக்கிறது.

ஏற்றத்தில் வண்டி மூச்சுத் திணறாமல் ஏறியது, அதனால் எனக்குத் துணிச்சலும் ஏறியிருந்தது. சுரங்கத்தை விட்டு வெளியே வந்து நான்காவது கியரில் எண்பதில் இறங்கத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே, பின்னாலிருந்து யாரோ கை வைத்துத் தள்ளுவது போன்ற ஓர் உணர்வு. பிரேக்கை மிதித்தேன், வேகம் குறைந்தது. காலை எடுத்தேன், மறுபடியும் தள்ளியது. இப்படி ஐந்தாறு முறை மிதித்த பிறகு பெடல் பஞ்சை மிதிப்பது போலத் தரை வரை போனது. அதே நேரத்தில் ஒரு விரைவுப் பேருந்து எங்களை முந்திக்கொண்டு போக, அதன் காற்று டிரெய்லரின் வாலைத் தட்டிவிட்டது. கண்ணாடியில் பார்த்தபோது எக்ஸ்கவேட்டர் இடப்பக்கம் ஒரு முறையும் வலப்பக்கம் ஒரு முறையும் தெரிந்தது. பக்கத்தில் இருந்த என் மனைவியின் தம்பி, "மாமா, பின்னால புகை வருது" என்றான். மூன்றாவது, பிறகு இரண்டாவது என்று கியரைக் குறைத்து, இஞ்சின் அலற, அவசரப் பாதை ஓரமாக வண்டியை ஒதுக்கி, கை பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து நிறுத்தினேன். அவன் குதித்துப் போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். முன் சக்கரங்களிலிருந்து வந்த கருகல் நாற்றம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது.

மறுநாள் எங்கள் ஊர்ப் பட்டறைத் தவுக்கே, அதாவது முதலாளி, பிரேக் எண்ணெயை ஒரு கண்ணாடிக் குப்பியில் ஊற்றிக் காட்டினார். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது கொப்பிக் கசடு போல இருந்தது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 4 தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி; ஈரம் சேர்ந்த பிறகு அந்த எல்லை 155 டிகிரிதான். தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கும்போது எழுகிற சூட்டில் எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும். எண்ணெயைப் போல ஆவி அழுத்தத்தைக் கடத்தாது, நசுங்கிப்போகும். பெடல் தரையைத் தொட்டதன் காரணம் அதுதான். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அந்த எண்ணெயை மாற்ற வேண்டும் என்பதை நாற்பத்தைந்து வயதில், அந்த இறக்கத்துக்குப் பிறகுதான் நான் கற்றேன். ஆனால் எண்ணெய் மட்டும் குற்றவாளி இல்லை என்றார் தவுக்கே. அந்த டிரெய்லரில் பிரேக்கே கிடையாது. இரும்புப் பட்டறை ஒன்றில் எனக்குச் செய்து தந்தவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. என் பிக்கப்பின் நான்கு சக்கரங்கள் ஆறு சக்கரங்களின் சுமையை நிறுத்திக்கொண்டிருந்தன. "பெரிய வண்டி வாங்கறதுக்கு முன்னாடி நீ எவ்வளவு இழுக்கிறேன்னு தெரிஞ்சுக்கோ" என்று அவர் சொன்ன ஒரு வாக்கியத்திலிருந்துதான் என் தேடல் தொடங்கியது.

எங்கள் பக்கத்தில் எடைமேடைக்குப் பஞ்சம் இல்லை. குலை வாங்கும் நிலையம் ஒவ்வொன்றிலும் லோரியை நிறுத்தி நிறுக்கும் மேடை இருக்கிறது. கூட்டம் இல்லாத ஒரு பிற்பகலில், அறிமுகமான ஒரு நிலையத்தில் அனுமதி கேட்டு, வழக்கமாக வேலைக்குப் போகும்போது எப்படிப் போவேனோ அப்படியே எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனேன். முதலில் பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்து, பிறகு பிக்கப்பைக் கழற்றிவிட்டு டிரெய்லர் மட்டும், கடைசியாகப் பிக்கப் மட்டும் என்று மூன்று முறை நிறுத்தோம். எடைச்சீட்டு எழுதும் அக்கா கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்து, "தம்பி, உங்க ரெண்டு டன் இங்க ரெண்டரையத் தாண்டி நிக்குதே" என்றார். டிரெய்லர் மட்டும் 2,650 கிலோ.

எங்கிருந்து வந்தது இந்தக் கூடுதல் எடை? வீட்டுக்கு வந்து தாளில் எழுதிப் பார்த்தேன். எக்ஸ்கவேட்டர் 1,720. டிரெய்லரின் வெற்று எடை 680. அதை நான் ஒருபோதும் கணக்கில் சேர்த்ததே இல்லை. கூடுதல் வாளிகள் இரண்டு 130. இருபது லிட்டர் டீசல் தோம்பு நான்கு, ஏறக்குறைய 67. சங்கிலி, ஜாக்கி, ஏற்றுப் பலகைகள் எல்லாம் சேர்ந்து 50க்கு மேல். வாயால் சொல்லும் எடைக்கும் மேடை காட்டும் எடைக்கும் இடையே 650 கிலோ. எட்டு, ஒன்பது ஆட்களைத் தெரியாமல் ஏற்றிக்கொண்டு மூன்று ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அடுத்து, கொக்கியின் மேல் எவ்வளவு எடை அமர்கிறது என்பது. டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அதன் மூக்கு பிக்கப்பின் இழுவைப் பந்தின் மேல் அமர வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. மூக்கில் எடை குறைந்தால் வால் ஆடும். என்னுடையதற்கு 265 கிலோ வர வேண்டும். இதை வீட்டிலேயே அளந்துவிடலாம் என்பதை நான் செய்து பார்த்ததால் விவரமாகச் சொல்கிறேன். குளியலறையில் ஆள் எடை பார்க்கும் தராசு ஒன்றும், உறுதியான மரக்கட்டை ஒன்றும், தராசின் உயரத்துக்குச் சமமான ஒரு செங்கல்லும் போதும். கட்டையின் ஒரு முனை செங்கல்லின் மேலும், மூன்றடி தள்ளி மறுமுனை தராசின் மேலும் இருக்கட்டும். செங்கல்லிலிருந்து சரியாக ஓரடி தூரத்தில் டிரெய்லரின் மூக்கை இறக்கினால், அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தராசு காட்டும். சக்கரங்களுக்கு முதலில் கட்டை கொடுக்க மறக்கக் கூடாது; டிரெய்லர் மட்டமாக நிற்கவும் வேண்டும். என் தராசு 27 காட்டியது. மும்மடங்கு 81 கிலோ. 265 இருக்க வேண்டிய இடத்தில் 81.

பேருந்துக் காற்றில் வால் ஆடியதன் மர்மம் அங்கே விளங்கியது. இறக்குவதற்கு எளிது என்பதற்காக இயந்திரத்தைப் பின்பக்கமாகவே நிறுத்தும் பழக்கம் எனக்கு இருந்தது. ஒன்றரைச் சாண் அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 35 சென்டிமீட்டர், முன்னால் நகர்த்தி மறுபடி அளந்தபோது தராசு 88க்கும் 90க்கும் இடையே நின்றது. அந்த இடத்தில் டிரெய்லரின் தளத்தில் சிவப்புச் சாயத்தால் கோடு போட்டிருக்கிறேன். எக்ஸ்கவேட்டரின் இரும்புப் பட்டை அந்தக் கோட்டைத் தொட்டால்தான் சங்கிலி பூட்டுவோம். ஒரு காசு செலவில்லாமல் கிடைத்த மிகப் பெரிய பாதுகாப்பு அதுதான் என்று இன்றும் கருதுகிறேன்.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் வண்டி பார்க்கப் போனேன். இதே அளவுப் பிக்கப்புகள் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் விற்கப்படும்போது, பிரேக் உள்ள டிரெய்லருக்கு 3,500 கிலோ, பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோ என்று இரண்டு எண்கள் கொடுக்கப்படுகின்றன. முதல் எண் எல்லாருடைய கண்ணிலும் படும். இரண்டாவது யாருக்கும் தெரிவதில்லை. பிரேக் இல்லாமல் 750தான் என்றால், 2,650ஐ நான் கட்டி இழுத்தது எந்தக் கணக்கிலும் அடங்காது.

முதல் எண்ணும் முழு உண்மையைச் சொல்வதில்லை. வண்டி தன் மேல் சுமக்கக்கூடிய எடைக்கு ஓர் எல்லை, இழுக்கக்கூடியதற்கு ஓர் எல்லை, இரண்டும் சேர்ந்து சாலையில் போகக்கூடியதற்கு மூன்றாவதாக ஓர் எல்லை உண்டு. ஒரு பிக்கப் சுமையோடு 3,100 கிலோ இருக்கலாம், தொடராக 6,000 கிலோ போகலாம் என்று வைத்துக்கொள்வோம். தட்டு நிறையச் சாமான் ஏற்றி 3,100ஐ எட்டிவிட்டால் இழுப்பதற்கு மிஞ்சுவது 2,900 மட்டுமே. 3,500 என்று விளம்பரத்தில் இருந்தாலும் அன்றைக்கு அது கிடைக்காது. நாங்கள் மூன்று ஆட்கள், கருவிகள் உட்படப் பிக்கப் 2,420, டிரெய்லர் 2,650, ஆக 5,070. என் கணக்கு இப்படி முடிந்ததால், மொத்த எல்லைக்குள் ஆயிரம் கிலோவுக்குக் குறையாமல் மிச்சம் இருக்கும் வண்டி வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சுமக்கும் எல்லையில் இன்னொரு நுட்பம் உண்டு. பலர் ஏமாறுவது இங்கேதான். கொக்கியில் அமரும் 265 கிலோ தட்டில் ஏற்றிய 265 கிலோவுக்குச் சமம் இல்லை. பந்து பின் அச்சுக்குப் பின்னால் ஏறக்குறைய 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி இந்த வகை வண்டிகளில் 3.1 மீட்டர் அளவு. ஆகவே நெம்புகோல் போல வேலை செய்து, பின் அச்சில் 365 கிலோ ஏறி, முன் சக்கரங்களிலிருந்து 100 கிலோவைத் தூக்கிவிடும். திருப்புவதும் பெரும்பங்கு பிரேக் பிடிப்பதும் முன் சக்கரங்கள்தாம். மழையில் ஸ்டீயரிங் மிதப்பது போலத் தோன்றுவது இதனால்தான். பின்பக்கம் தாழ்ந்து, எதிரே வருபவர் கண்ணில் விளக்கு அடித்தால் அதே நோயின் இன்னோர் அறிகுறி. அதை மறைப்பதற்காகக் கூடுதல் வில் பட்டைகளைப் போட்டு உயர்த்துகிறவர்களைப் பார்க்கிறேன். உயரம் வரும், முன்னால் இழந்த எடை திரும்பி வராது. கருவிப் பெட்டியையும் தோம்புகளையும் தட்டின் முன்பகுதிக்கு, அறையை ஒட்டி, நகர்த்துவதே சரியான மருந்து.

இஞ்சினைப் பற்றி ஆட்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். நான் சுருக்கமாகவே சொல்வேன், ஏனென்றால் இன்றைய டீசல் பிக்கப்புகளில் இழுக்க முடியாதது என்று ஒன்று இல்லை. இசுசு டி-மேக்ஸ் 1.9 லிட்டர் 150 குதிரைத்திறனும் 350 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் தருகிறது, அதன் 3.0 லிட்டர் 190 குதிரைத்திறனும் 450ம். டொயோட்டா ஹைலக்ஸ் 2.8 தானியங்கிக் கியரோடு 204 குதிரைத்திறனும் 500 நியூட்டன் மீட்டரும். ஃபோர்ட் ரேஞ்சரின் இரட்டை டர்போ 2.0 லிட்டரும் 500ஐ எட்டுகிறது, பத்துக் கியரோடு. குதிரைத்திறனை நான் பார்க்கவே இல்லை. முறுக்கு விசை எந்தச் சுற்றில் வரத் தொடங்குகிறது என்று பார்த்தேன். 1,600, 1,800 சுற்றுகளிலேயே முழு விசை வந்துவிடும் இஞ்சின், சேற்றுப் பாதையில் நின்ற இடத்திலிருந்து அலறாமல் கிளம்பும்.

பெரிய இஞ்சினின் பக்கம் நான் சாய்ந்ததற்குக் காரணம் ஏற்றம் இல்லை, இறக்கம். பெட்ரோல் இஞ்சினில் காலை எடுத்தால் காற்று வழி அடைபட்டு வண்டி பிடித்து இழுக்கும். டீசல் இஞ்சினில் பொதுவாக அப்படி அடைப்பது இல்லை என்பதால் அந்தப் பிடிப்பு குறைவு. கியரைக் குறைத்துச் சுற்றை உயர்த்தினால்தான் இஞ்சின் வேகத்தைத் தாங்கும். அப்போது கொள்ளளவு பெரிதாக இருப்பது உதவுகிறது. தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கி, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மூன்று வண்டிகளில் என் டிரெய்லரைக் கட்டிப் பார்த்தேன். மூன்றும் நன்றாகவே இழுத்தன. காலைப் பிரேக்கில் வைக்காமல் மூன்றாவது கியரில் எவ்வளவு தூரம் அமைதியாக இறங்குகிறது என்பதைத்தான் ஒவ்வொன்றிலும் கவனித்தேன். கடையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பதில் இது தெரியாது. வாங்குவதற்கு முன் யாரிடமாவது கெஞ்சியாவது சொந்தச் சுமையோடு ஓட்டிப் பார்ப்பது தகும்.

கை கியரா, தானியங்கியா என்பதில் எனக்குப் பழைய பிடிவாதம் ஒன்று இருந்தது. கை கியர்தான் வலிமை என்று எங்கள் தலைமுறை நம்பியது. ஆனால் டிரெய்லரைப் பின்பக்கமாகத் தள்ளி, மேடான தோட்டப் பாதையில் அங்குலம் அங்குலமாக நிறுத்தும்போது கிளட்ச் கருகும் வாசனையை நான் எத்தனையோ முறை முகர்ந்திருக்கிறேன். தானியங்கியில் அந்தத் தொல்லை இல்லை. அதற்குப் பதிலாகக் கியர் எண்ணெய் சூடேறும். ஆகவே கனமாக இழுப்பவர்கள் கையேட்டில் கடுமையான பயன்பாட்டுக்கு என்று போட்டிருக்கும் இடைவெளியில் அந்த எண்ணெயை மாற்ற வேண்டும். ஏற்ற இறக்கத்தில் கியரைக் கையாலும் தேர்ந்தெடுக்கும் வசதி இருப்பது கட்டாயம். கடைசியில் 3.0 லிட்டர் தானியங்கி டி-மேக்ஸை எடுத்தேன். உதிரிப்பாகம் எங்கள் ஊரிலேயே கிடைப்பதும், தவுக்கேயின் கைக்கு அந்த இஞ்சின் பழகியிருப்பதும் பாதிக் காரணம். வேறொருவருக்கு வேறொன்று பொருந்தலாம்.

வண்டிக்குச் செலவழித்ததைவிட டிரெய்லருக்குச் செலவழித்த சிறு தொகைதான் அதிகப் பயன் தந்தது. டிரெய்லரின் சக்கரங்களில் மின்சாரப் பிரேக் பொருத்தினேன். ஓட்டுநர் இருக்கையின் பக்கத்தில் ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டி. பிக்கப் வேகம் குறையும் அளவை உணர்ந்து டிரெய்லரையும் அதே அளவுக்குப் பிடிக்கச் செய்கிறது. வால் ஆடத் தொடங்கினால், பிக்கப்பின் பிரேக்கைத் தொடாமல் டிரெய்லர் பிரேக்கை மட்டும் விரலால் தட்டி நேராக்கலாம். டிரெய்லர் கழன்று ஓடினால் தானாகப் பிடிப்பதற்கு ஒரு சிறு பேட்டரியும் மூக்கில் உண்டு. இன்னொரு வகை, டிரெய்லர் முன்னால் முட்டும் விசையாலேயே பிடிக்கும் பிரேக். அது எளிமையானது, மின்சாரம் தேவையில்லை. ஆனால் மேட்டில் பின்னால் தள்ளும்போது தானே பிடித்துக்கொள்ளக்கூடியது என்பதால் எங்கள் பாதைகளுக்கு ஒத்துவரவில்லை. சேறும் தண்ணீரும் மின்காந்தத்தைச் சீக்கிரம் தின்றுவிடும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை டிரம்மைக் கழற்றித் துடைக்கிறோம்.

இழுவைப் பந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 50 மில்லிமீட்டர் பந்தும், ஒன்றே முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேலான பழைய 47.6 மில்லிமீட்டர் பந்தும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். சின்னப் பந்தின் மேல் பெரிய கிண்ணம் அமர்ந்துவிடும், பூட்டும் விழுந்துவிடும், பள்ளத்தில் தூக்கிப் போடும்போது கழன்றுவிடும். பந்தின் தலையிலோ கழுத்திலோ அளவும் தாங்கும் எடையும் பொறிக்கப்பட்டிருக்கும். கிரீஸைத் துடைத்துவிட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். பாதுகாப்புச் சங்கிலிகளை மூக்கின் கீழே குறுக்காக மாட்டினால், ஒருவேளை கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் தொட்டில் போலத் தாங்கும்.

டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்யப்பட்டது. டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே வெயிலில் கிழடாகிவிடுவதால், பூ (டயரின் மேல் வரிகள்) நிறைய இருக்கிறது என்று ஏமாந்துவிடக் கூடாது. என் பழைய டிரெய்லர் டயர்களின் வயது ஒன்பது.

சட்டப் பக்கத்தில் நான் செய்தது இவ்வளவுதான்: பணம் கொடுப்பதற்கு முன்பே படங்களையும் எடைச்சீட்டையும் எடுத்துக்கொண்டு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் முகப்புக்குப் போய், கொக்கிக்கும் டிரெய்லருக்கும் என்ன அனுமதி, என்ன சோதனை வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். காப்புறுதி நிறுவனத்துக்கும் நான் டிரெய்லர் இழுக்கிறேன் என்பதை எழுத்து மூலமாகத் தெரிவித்தேன். ஒரு விபத்துக்குப் பிறகு முதலில் புரட்டப்படுவது இந்தக் காகிதங்கள்தாம்.

செலவைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. 2024 ஜூன் 10 முதல் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி (ரிங்கிட்) 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு உயர்ந்தது. மாதம் 200 லிட்டர் ஊற்றும் எனக்கு அது ஒரே நாளில் 240 வெள்ளி கூடுதல் செலவு. தகுதி உள்ளவர்களுக்கு அரசாங்கத்தின் புடி மடானி திட்டத்தில் மாதம் 200 வெள்ளி உதவி அறிவிக்கப்பட்டது. விலை அதன் பிறகும் ஏறி இறங்குகிறது. வெற்று வண்டியாக நூறு கிலோமீட்டருக்கு ஒன்பது லிட்டர் குடிக்கும் என் பிக்கப், டிரெய்லரோடு பதினைந்துக்குக் குறையாமல் குடிக்கிறது. மணிக்கு 90ஐ விட்டு 75இல் போகத் தொடங்கியதில் அந்தப் பதினைந்து பதின்மூன்றரைக்கு இறங்கியது. வேகத்தைக் குறைத்ததிலேயே டீசலில் பத்தில் ஒரு பங்கு மிச்சம்.

புதிய வண்டியில் முதல் முறையாக மெனோராவைக் கடந்த அன்று, சுரங்கத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து மூன்றாவது கியரில் விழச் செய்துவிட்டேன். வெளியே வந்ததும் 60இலேயே இறங்கினோம். பிரேக்கை நீட்டி அழுத்தாமல், வேகம் 65ஐத் தொட்டால் உறுதியாக ஒரு மிதி, 55 வந்ததும் காலை முழுக்க எடுத்துவிடுவது என்று இறங்கியதில், அடிவாரம் வரை ஐந்து மிதிகளுக்கு மேல் தேவைப்படவில்லை. கீழே வண்டியை நிறுத்தியதும் மைத்துனன் இறங்கிப்போய் ஆறு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் காட்டிப் பார்த்தான். இப்போது அது எங்கள் வழக்கம்: கிளம்பிய இருபது கிலோமீட்டரில் ஒரு முறை, பெரிய இறக்கத்துக்குப் பிறகு ஒரு முறை. ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ ஏதோ சொல்ல வருகிறது. அன்று ஆறும் ஒரே சூடு. "தொடலாம் மாமா" என்றான்.

சென்ற மாதம், லாசா பக்கத்தில் புதிதாக இதே தொழிலில் இறங்கும் ஓர் இளைஞர், எந்தப் பிக்கப் வாங்கலாம் அண்ணே என்று கேட்டு வந்தார். நண்பரிடமிருந்து பெற்ற டிரெய்லரும் பழைய இரண்டரை டன் இயந்திரமும் ஏற்கனவே அவர் கையில் இருந்தன. வண்டிப் பெயர் எதையும் சொல்லாமல், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு குலை நிலையத்துக்கு வரச் சொன்னேன். அதே அக்காதான் சீட்டை எழுதிக் கொடுத்தார். டிரெய்லர் மட்டும் 3,480 கிலோ, பிரேக் இல்லை. அவர் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் நின்றார். இரண்டு வாரம் கழித்து அழைத்து, அந்த இயந்திரத்தை விற்றுவிட்டுச் சிறியது ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பதாகவும், பிக்கப்பை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.